சிமிட்டல் நின்ற என்ஈஎஸ்: பழைய 72 பின் கனெக்டரை மீட்ட பதிவு

முன்பக்கம் வழியாகக் கார்ட்ரிட்ஜ் (கேம் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி) போடும் என்ஈஎஸ், அதாவது நிண்டெண்டோவின் 1980களின் வீடியோ கேம் கன்சோல், ஒருவழியாக முதல் அழுத்தலிலேயே கேமைத் திறக்கிறது. சிவப்பு விளக்கு சிமிட்டுவதில்லை, திரை சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு மின்னுவதும் இல்லை. உள்ளே கார்ட்ரிட்ஜையும் போர்டையும் இணைப்பது அந்தப் பெட்டியோடு வந்த அதே கனெக்டர். புதிதாக வாங்கிப் போட்டதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இந்த வேலையில் எந்தப் படியை எடுத்தாலும் ரெட்ரோ கேமிங் ஆட்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கனெக்டரை வேகவைப்பதா மாற்றுவதா, உரிமம் இல்லாத கேம்களைத் தடுக்கும் பூட்டுச் சிப்பின் காலை வெட்டலாமா கூடாதா, பின்களை ஆல்கஹாலால் துடைக்கலாமா, பழைய சிஆர்டி (பிக்சர் டியூப்) டிவியா தட்டைத் திரையா, இத்தனை பாடு எதற்கு, கணினியில் கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஆடினால் ஆகாதா என்று வாதம் முடிவதே இல்லை. நான் ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். கடைசியில் என் முடிவுகள் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றன: இதைச் செய்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால், பழையபடி வைக்க முடியுமா?

சிமிட்டல் ஏன் வருகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். என்ஈஎஸ்ஸின் மூத்த வடிவமாக ஜப்பானில் 1983 ஜூலையில் வந்த ஃபாமிகாமில் கார்ட்ரிட்ஜை மேலிருந்து செருகினால் போதும், 60 பின்கள், சிக்கல் கிடையாது. அதே ஆண்டில் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததில், கேம் கன்சோல் என்றாலே அங்கே கடைக்காரர்கள் தயங்கினார்கள். அதனால் 1985 அக்டோபரில் நியூயார்க்கில் நிண்டெண்டோ வெள்ளோட்டம் விட்டபோது, பெட்டி வீடியோ கேசட் பிளேயர் மாதிரி தோற்றத்தில் வந்தது. மூடியைத் திறந்து, கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளி, தட்டோடு சேர்த்துக் கீழே அழுத்த வேண்டும். பின்களும் 72 ஆகின. அழுத்தும்போது கனெக்டரின் மெல்லிய உலோக நாக்குகள் வளைந்து கார்ட்ரிட்ஜின் விளிம்பைப் பிடிக்கும். ஒவ்வொரு அழுத்தலிலும் அவை கொஞ்சம் களைக்கும். முப்பத்தைந்து, நாற்பது வருடத்துத் தூசியும் கறுப்பும் அதன்மேல் சேர்ந்தால் தொடுகை போய்விடும்.

கழற்றுவது எளிது. அடியில் ஆறு ஸ்க்ரூக்கள், எல்லாம் சாதாரண பிலிப்ஸ் தலை. மேல்மூடி போனதும் உள்ளே ஒரு தகரக் கவசம், அதற்கடியில் கார்ட்ரிட்ஜ் தட்டு. தட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட நீளம். அந்த இரண்டை இடம் மாற்றி முறுக்கினால் தட்டு சரியாக மேலே எழாது. ஒரு அட்டையில் பெட்டியின் படத்தைக் கோடாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். தட்டை முன்பக்கமாக இழுத்து எடுத்ததும், போர்டின் விளிம்பில் செருகியிருக்கும் கறுப்புக் கனெக்டர் தெரியும். அதையும் நேராகப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். சால்டரிங் எதுவும் இல்லை. இந்த வடிவமைப்பை எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் பழுதுபார்ப்பவனுக்கு இதைவிட வசதியான பெட்டி அந்தக் காலத்தில் குறைவு.

கன்சோலைத் திறக்க விசேஷக் கருவி தேவையில்லை. கார்ட்ரிட்ஜுகளுக்குத்தான் 3.8 மி.மீ. கேம்பிட் (விசேஷ ஸ்க்ரூ தலைக்கான முனை) வேண்டும். மிகப் பழைய கார்ட்ரிட்ஜுகளில் சாதாரணத் தட்டை ஸ்க்ரூ ஐந்து இருக்கும், பின்னால் வந்தவற்றில் கேம்பிட் தலை மூன்று. பிளாஸ்டிக் பேனாவின் முனையை உருக்கி ஸ்க்ரூமேல் அழுத்தித் திறக்கும் வழியைப் பலர் சொல்கிறார்கள். வேண்டாம். கேம்பிட் ஒன்று வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் போதும், செலவும் மொத்தத்தில் மிகச் சிறியது. பஞ்சுக்குச்சி, பழைய பல் தூரிகை, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மல்டிமீட்டர், ஒரு பூதக்கண்ணாடி. பெரும்பாலான வேலைக்கு இவ்வளவுதான் வேண்டும்.

கனெக்டருக்குப் போகுமுன் மின்சாரத்தைப் பார்த்துவிட்டேன். என்ஈஎஸ் உடன் வந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி, 1.3 ஆம்பியர். ஏசியையே வெளியே தரும் அடாப்டர் இப்போது அதிகம் கிடைப்பதில்லை. ஆனால் பெட்டிக்குள் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இருப்பதால், 9 வோல்ட் டிசி அடாப்டரும் எந்தத் துருவத்தில் இருந்தாலும் வேலை செய்யும். இதே துணிச்சலை ஃபாமிகாமிடம் காட்டக் கூடாது. அதற்கு 10 வோல்ட் டிசி, நடுமுனை எதிர்மறை. என்ஈஎஸ்ஸின் ஏசி அடாப்டரை அதில் செருகினால் உள்ளே இருப்பது வெந்துபோகலாம். செருகி அளவும் ஒத்துப்போவதால் இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது. இரண்டும் வைத்திருப்பவர்கள் அடாப்டர்மேல் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பின்பக்க மூலையில் இருக்கும் தகரப் பெட்டிக்குள்தான் 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரும் 2200 மைக்ரோஃபாராட் கெபாசிட்டரும் உள்ளன. ரெகுலேட்டரின் வெளிக்காலில் மீட்டரை வைத்தால் 4.98 வோல்ட். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் பார்த்தால் சில மில்லிவோல்ட்தான் ஆடுகிறது. இங்கேதான் முதல் வாதம் வந்தது. பழைய கன்சோலைத் திறந்தாலே எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு கட்சி, கெடாததைத் தொடாதே என்று இன்னொன்று. சேகாவின் கையடக்கக் கன்சோலான கேம் கியராக இருந்தால் நான் யோசிக்காமல் முதல் கட்சியில் சேர்ந்திருப்பேன். அதன் சிறிய சர்ஃபேஸ் மவுண்ட் கெபாசிட்டர்கள் ஒழுகிப் போர்டையே அரித்துவிடும், காத்திருந்தால் நஷ்டம்தான். என்ஈஎஸ்ஸில் இருப்பவை அந்த ரகம் இல்லை. அடியில் ஒழுகல் இல்லை, தலை உப்பவில்லை, அளவும் சரி. விட்டுவிட்டேன். கன்சோலின் பெயரைச் சொல்லாமல் "மாற்று", "மாற்றாதே" என்று பொதுவாகச் சண்டை போடுவதில் பயன் இல்லை.

இப்போது சிமிட்டல். விளக்கு கிட்டத்தட்ட வினாடிக்கு ஒருமுறை அணைந்து எரிவது கன்சோல் செத்துவிட்டதற்கான அடையாளம் இல்லை. போர்டில் ஒரு பூட்டுச் சிப், கார்ட்ரிட்ஜில் அதன் ஜோடிச் சிப். இரண்டும் ஆன் செய்த நொடியிலிருந்து ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு அறுந்தால், கன்சோல் பக்கத்துச் சிப் மற்ற சிப்புகளை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். உரிமம் இல்லாத கேம்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தப் பேச்சுக்கு மட்டும் நான்கு பின்கள். கேமுக்கு வேண்டிய பின்கள் எல்லாம் தொட்டிருந்தாலும் இந்த நான்கில் ஒன்று தொடாவிட்டால் கதை முடிந்தது. சாம்பல் திரை சிமிட்டினால் பூட்டுப் பின்களைச் சந்தேகப்படலாம். சிமிட்டாமல் ஒரே நிறத்திலோ, சிதறிய எழுத்துகளோடோ நின்றால் பூட்டு திறந்துவிட்டது, கேமின் பின்களில்தான் கோளாறு. என்னுடையது பெரும்பாலும் சிமிட்டியது, சில சமயம் சிதறியது. ஆக இரண்டு பக்கமும் தொடுகை மோசம்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கார்ட்ரிட்ஜை எடுத்து ஊதுவது. ஊதினால் வேலை செய்ததே என்று சத்தியம் செய்பவர்கள் இன்றும் உண்டு. ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் பின்களை அரிக்கும் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. வேலை செய்தது ஊதியதால் இல்லை, எடுத்துத் திரும்பப் போட்டதால். ஒவ்வொரு முறை செருகும்போதும் நாக்கும் கார்ட்ரிட்ஜ் விளிம்பின் உலோகப் பட்டையும் உரசி வேறொரு இடத்தில் உட்காருகின்றன. நான் ஊதாமலே எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திறக்கும் நேரமும் திறக்காத நேரமும் ஊதியபோது இருந்தது மாதிரியேதான் இருந்தன.

முதலில் புதுக் கனெக்டர் வாங்கினேன். ஒரு சாதாரணக் கார்ட்ரிட்ஜின் விலையைவிடக் குறைவு, கழற்றி மாட்டுவது அரைமணி நேர வேலை, எல்லோரும் சொல்லும் வழியும் அதுதான். மாட்டியதும் சிமிட்டல் நின்றது உண்மை. ஆனால் கார்ட்ரிட்ஜ் வெளியே வர மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க முடிந்தது. இந்த மாற்றுக் கனெக்டர்களின் உடும்புப்பிடி ரெட்ரோ ஆட்களிடையே பிரசித்தம். கார்ட்ரிட்ஜைத் திறந்து விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் மனசு கலங்கியது. ஒவ்வொரு தங்கப் பட்டையின் நடுவிலும் நேராக ஒரு பளிச்சென்ற கீறல், நாக்கு இறங்கிய தடம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. இப்படியே போட்டு எடுத்தால் பூச்சு தேய்ந்து அடியில் இருக்கும் உலோகம் வெளியே வரும், அப்புறம் அது கறுக்கும். கனெக்டரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கார்ட்ரிட்ஜ் அப்படி இல்லை. புதுக் கனெக்டர் கார்ட்ரிட்ஜின் ஆயுளைத் தின்று வேலை செய்கிறது என்றால் அது பழுதுபார்ப்பு இல்லை. கழற்றிவிட்டேன்.

தட்டையும் கனெக்டரையும் சேர்த்தே மாற்றி, அழுத்தவே தேவையில்லாமல் ஆக்கும் மாற்றுப் பாகங்களும் உண்டு. அது பிடித்தவர்கள் பலர். எனக்கு அந்த அழுத்தும் தட்டு வேண்டும். அதுதான் இந்தப் பெட்டியின் அடையாளம்.

மிச்சம் இருந்தது வேகவைப்பது. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனால் பழைய கனெக்டரில் பிளாஸ்டிக்கும் உலோகமும் தவிர வேறொன்றும் இல்லை, தண்ணீர் கெடுக்க ஏதுமில்லை. குழாய்த் தண்ணீரின் உப்பு பின்களில் படியும் என்பதால் காய்ச்சி வடித்த நீர் எடுத்தேன். சமையலுக்குத் திரும்பப் போகாத ஒரு பழைய பாத்திரம். கொதி வந்ததும் கனெக்டரை உள்ளே விட்டு ஐந்து நிமிடம். எடுத்து உதறி, சூடு கையில் பிடிக்கும் அளவுக்கு ஆறியதும், சுத்தம் செய்த ஒரு கார்ட்ரிட்ஜ் போர்டை அதில் பலமுறை செருகி எடுத்தேன். போர்டு என்று சொல்வது, மேலோட்டைக் கழற்றிய வெறும் சர்க்யூட் போர்டு. இதற்காக எங்கும் மலிவாகக் கிடைக்கும், யாரும் தேடாத ஒரு ஸ்போர்ட்ஸ் கேமை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் பட்டைகளில் கறுப்பாக ஒரு கோடு ஒட்டி வந்தது. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி செருகினேன். பிறகு புதுத் தண்ணீரில் மறுபடி கொதி, மறுபடி செருகல். மூன்றாம் கொதிக்குப் பிறகு பஞ்சில் கறுப்பு வரவில்லை. முதல் தண்ணீர் லேசாகப் பழுப்பேறி, மேலே எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தது. கடைசித் தண்ணீர் தெளிவு.

வெந்நீரில் நாக்குகள் தாமாக நிமிர்ந்து பழைய விறைப்புக்கு வருகின்றன என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நூறு டிகிரி வெப்பம் அந்த உலோகத்தின் விறைப்பை ஒன்றும் செய்யாது. பிசுக்கு இளகுகிறது, செருகி எடுக்கும்போது உரசிப் போகிறது, அவ்வளவே. அப்படியானால் செருகி எடுக்கும் பாதிதான் உண்மையான வேலை. வெறுமனே கொதிக்கவைத்துக் காயவைத்து மாட்டிவிட்டு, இது பலிக்கவில்லை என்பவர்கள் அந்தப் பாதியை விட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஊசியால் ஒவ்வொரு நாக்கையும் மேலே வளைத்துவிடும் வழியும் சொல்லப்படுகிறது. அதைத் தொடவில்லை. அளவு மீறி வளைத்தால் பழைய கனெக்டரிலும் அதே உடும்புப்பிடி வந்துவிடும், ஒரு நாக்கு ஒடிந்தால் கனெக்டரே போச்சு.

காயவைப்பதில் அவசரப்படக் கூடாது. நாக்குகளுக்கு நடுவில் நிற்கும் நீர் வெளியே தெரியாது. முதலில் காற்று டப்பாவால் ஒவ்வொரு துளையிலும் ஊதிவிட்டு, நின்ற வாக்கில் ஒரு மின்விசிறி முன்னால் வைத்து, கனெக்டரை உதறினால் கண்ணாடியில் ஒரு துளியும் விழாத வரை காத்திருந்தேன்.

மாட்டினேன். சிமிட்டல் குறைந்தது, ஆனால் போகவில்லை. மூன்றுக்கு ஒரு தடவை வந்தது. இந்த இடத்தில்தான் பலர் புதுக் கனெக்டருக்குத் திரும்பிப் போகிறார்கள். நான் மல்டிமீட்டரை எடுத்தேன். மேலோட்டைக் கழற்றிய கார்ட்ரிட்ஜ் போர்டைக் கனெக்டரில் செருகி, ஒரு முனையை கேம் ரோம் சிப்பின் காலிலும் மற்றதை அதே கம்பி போய்ச் சேரும் கன்சோல் போர்டின் புள்ளியிலும் வைத்து மின்தடையைப் பார்த்தேன். பெரும்பாலான பின்கள் ஒரு ஓமுக்குக் கீழே. சில பின்கள் மட்டும் விரலால் கனெக்டரைத் தட்டினால் பல ஓம்களுக்கு ஏறி இறங்கின. ஆட்டியது கார்ட்ரிட்ஜை அல்ல, கனெக்டரை. அதாவது கோளாறு மறுபக்கத்தில். கனெக்டருக்கு இரண்டு வாய் உண்டு: ஒன்று கார்ட்ரிட்ஜைப் பிடிப்பது, மற்றது கன்சோல் போர்டின் விளிம்பைப் பிடிப்பது. எல்லோரும் முதல் வாயைப் பற்றியே பேசுகிறோம்.

போர்டின் விளிம்பைப் பார்த்தால் பட்டைகள் மங்கிப்போய், நாக்கு உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி. ஆல்கஹாலும் பஞ்சும் போதவில்லை. வெள்ளை ரப்பரால் ஒரே திசையில், வெளிப்பக்கமாக, அழுத்தாமல் தேய்த்தேன். துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி ஆல்கஹால். பழுப்பு போய் மஞ்சள் தெரிந்தது. இப்போது மீட்டரில் தட்டினாலும் எண் ஆடவில்லை. கனெக்டரை மாட்டி, தட்டை வைத்து, ஆன் செய்தேன். திறந்தது. அணைத்து, எடுத்து, போட்டு, திறந்தது. கார்ட்ரிட்ஜை முழுக்க உள்ளே தள்ளாமல் ஒரு மயிரிழை வெளியே விட்டு அழுத்தும் பழைய தந்திரம்கூடத் தேவைப்படவில்லை.

கார்ட்ரிட்ஜ் சுத்தம் செய்வதில் இருக்கும் வாதம் சுவாரசியமானது, ஏனென்றால் எச்சரிக்கை கார்ட்ரிட்ஜின் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது: பென்சீன், தின்னர், ஆல்கஹால் போன்ற கரைப்பான்களால் துடைக்காதே என்று. 1989இல் நிண்டெண்டோ தனியாக ஒரு சுத்தம் செய்யும் கருவித்தொகுப்பையும் விற்றது. ஆனாலும் இன்று ரெட்ரோ ஆட்களில் பெரும்பாலோர் ஆல்கஹால்தான் பயன்படுத்துகிறோம். எச்சரிக்கைக்கு அர்த்தம் உண்டு. தேய்த்துத் துடைக்கும் ஆல்கஹால் என்று விற்பதில் கணிசமான அளவு தண்ணீரோ வாசனைப் பொருளோ கலந்திருக்கலாம். தின்னர் ஓட்டின் பிளாஸ்டிக்கையும் லேபிளையும் உருக்கிவிடும். 99 சதவீதத்தைப் பஞ்சில் தொட்டு, மேலோட்டைக் கழற்றி, பட்டையில் மட்டும் தடவினால் அது நொடியில் ஆவியாகிவிடும். எனக்கு இதில் தயக்கம் இல்லை.

பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ்தான் எனக்குப் பயம். பளபளவென்று வரும், படம் எடுத்துக் காட்ட அழகு. ஆனால் அது உரசித்தான் பளபளப்பு தருகிறது, உரசப்படுவது தங்கம். என்னிடம் வந்த ஒரு கார்ட்ரிட்ஜை முன்பு யாரோ மணல் தாளால் தேய்த்திருக்கிறார்கள். பட்டைகளில் மஞ்சளே இல்லை, செம்பு நிறம்தான். இன்று துடைத்தால் திறக்கிறது, சில வாரம் அலமாரியில் இருந்தால் மறுபடி கறுத்துவிடுகிறது. அதற்கு இனி நிரந்தர வைத்தியம் கிடையாது. ரப்பர்கூட அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் கார்ட்ரிட்ஜில் ரப்பரைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறேன். அடிக்கடி செருகி எடுக்காத கன்சோல் போர்டின் விளிம்புக்கு வாழ்நாளில் ஒருமுறை பரவாயில்லை.

அடுத்தது நான்காம் பின். போர்டில் யூ10 என்று எழுதியிருக்கும் 16 கால் சிப்தான் பூட்டு. அதன் நான்காம் காலை வெட்டிவிட்டுத் தரையோடு (மின்சுற்றின் கிரவுண்டோடு) இணைத்தால், அந்தச் சிப் பூட்டு வேலையை மறந்து சாவியாகிவிடும். ரீசெட் இல்லை, சிமிட்டல் இல்லை, வேறு நாட்டுக் கார்ட்ரிட்ஜும் ஓடும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாதவனை மூடன் என்பவர்களும், செய்தவனை அழித்தவன் என்பவர்களும் உண்டு. அந்தப் பூட்டின் வரலாறே ஒரு தனிக் கதை. அட்டாரி கேம்ஸ் நிறுவனம் அதன் நிரலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பெற்று மாற்றுச் சிப் செய்தது, வழக்கில் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிண்டெண்டோ பக்கமே நின்றது. அதனால் பூட்டின்மேல் பலருக்கு இன்றும் கோபம். எனக்கும் பூட்டு பிடிக்காது.

ஆனாலும் காலைத் தொடவில்லை. தொடுகை சுத்தமான பிறகு பூட்டால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொடுகை கெட ஆரம்பித்தால் முதலில் சொல்வது அந்தச் சிமிட்டல்தான். அதை எடுத்துவிட்டால், அரைகுறைத் தொடுகையோடு கேம் தறிகெட்டு ஓடும். பேட்டரியில் சேமிப்பு வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜில் அப்படி ஓடுவதை நான் விரும்பவில்லை. வேறு நாட்டுக் கார்ட்ரிட்ஜுகள் நிறைய வைத்திருப்பவருக்கு என் பதில் வேறு: செய்யுங்கள், ஆனால் வெட்டாதீர்கள். டீசால்டரிங் விக் வைத்து ஈயத்தை உறிஞ்சி, காலை மெதுவாக மேலே தூக்கிவிட்டு, மெல்லிய கம்பியால் தரையோடு இணையுங்கள். பின்னால் வேண்டாம் என்றால் காலை இறக்கி ஒட்டிவிடலாம். வெட்டிய கால் சிப்பின் உடலோடு ஒட்டி ஒடிந்திருந்தால் அதற்கு வழியில்லை.

பேட்டரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்டா என்ற கேம் ஜப்பானில் 1986இல் டிஸ்கில் வந்தது, 1987இல் அமெரிக்காவுக்குத் தங்க நிறக் கார்ட்ரிட்ஜாக வந்தபோது சேமிப்புக்காக உள்ளே ஒரு பேட்டரி வைத்தார்கள். என்னுடையதில் 2.7 வோல்ட் காட்டியது, 3 வோல்ட் இருக்க வேண்டியது. முன்பு வைத்திருந்தவர் பாதி ஆடி விட்டுப்போன கோப்பு ஒன்று அதில் இருந்தது. பேட்டரியை எடுத்தால் அது போய்விடும். கார்ட்ரிட்ஜ் ரீடரில் செருகி அதைக் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு, தகடு பற்றவைத்து வரும் சிஆர்2032 ஒன்றைச் சால்டர் செய்து, கோப்பைத் திரும்ப ஏற்றினேன். வெறும் பேட்டரியின்மேல் நேரடியாக சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். ஆட்டத்தை முடிக்கும்போது ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணைப்பது இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அவசியம். அணையும் கணத்தில் சேமிப்பு கெடாமல் இருக்கத்தான்.

கடைசியாகத் திரை. இங்கேதான் வாதங்கள் மிகவும் சூடு. தட்டைத் திரை டிவியில் மஞ்சள் கேபிளைச் செருகியபோது படம் வந்தது, ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் நடுவில் ஒரு இழுவை. என்ஈஎஸ் அனுப்புவது ஒவ்வொரு முறையும் முழுமையான 240 வரிப் படம். பல டிவிகள் அதை 480 வரி இடைக்கோட்டுப் படத்தின் பாதி என்று எண்ணிக்கொண்டு இரண்டிரண்டாகச் சேர்க்கப் பார்க்கும். அந்த வேலைக்கு நேரம் போகிறது. கேமில் அடிபட்ட கதாபாத்திரம் ஒரு படம் விட்டு ஒரு படம் சிமிட்டுவது சில டிவிகளில் தெரியவே தெரியாது, பாத்திரமே மறைந்துவிடும், அல்லது சிமிட்டாமல் நிற்கும். சிஆர்டியில் செருகியதும் இரண்டும் போய்விட்டன. ஒளித்துப்பாக்கியும் சிஆர்டியில் மட்டும்தான் வேலை செய்கிறது. கனமான டிவிக்கு இடம் இல்லாதவர்களுக்கு 240 வரியைச் சரியாகப் புரிந்துகொண்டு தட்டைத் திரைக்கு ஏற்பப் பெரிதாக்கும் அப்ஸ்கேலர்கள் உண்டு. ஆனால் நல்லது ஒன்று கன்சோலையே விடச் செலவு வைக்கும்.

நிறத்தில் சண்டை இன்னும் ஆழம். இந்தக் கன்சோலின் படச் சிப் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துத் தருவதில்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்த காம்போசிட் சிக்னலாகவே நேராகத் தருகிறது. அதை நிறமாக மாற்றுவது டிவியின் வேலை. அதனால் சூப்பர் மரியோ பிரதர்ஸின் வானம் நீலமா ஊதாவா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு எமுலேட்டரும் தனித்தனி நிறத்தட்டு வைத்திருப்பது இதனால்தான். படத்தின் அகலத்திலும் அதே கதை. 256 புள்ளிகளை அப்படியே சதுரமாகக் காட்டினால் ஒல்லியாக வரும். டிவியில் ஒவ்வொரு புள்ளியும் 8:7 என்ற கணக்கில் அகலமாகிறது. சில கேம்களில் நிலா வட்டமாக இருப்பது ஒன்றில், சில கேம்களில் மற்றதில். வரைந்தவர்களே இரண்டு விதமாகவும் வரைந்திருக்கிறார்கள்.

ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும்) வெளியீட்டுக்கான கிட் போடலாமா என்று நிறைய யோசித்தேன். அதற்கு 40 கால் படச் சிப்பை முழுதாகக் கழற்ற வேண்டும். பழகிய கைகள் அதை அழகாகச் செய்கின்றன, முடிவும் கண்ணைப் பறிக்கிறது. என் சால்டரிங் அயர்னும் உறிஞ்சியும் வைத்து அதைச் செய்தால் ஒரு தடமாவது பிய்ந்து வரும், அதைப் பழையபடி வைக்க முடியாது. விட்டுவிட்டேன்.

எமுலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களோடு எனக்குப் பகை இல்லை. நானும் ஆடுகிறேன். எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பில் கன்சோலின் சிப்புகளையே மறுபடி கட்டும் மிஸ்டர் போன்ற திட்டங்கள் அற்புதமானவை. ஆனால் அவற்றை எழுதுபவர்கள் தங்கள் வேலை சரியா என்று பார்க்க எதனோடு ஒப்பிடுகிறார்கள்? உண்மையான கன்சோலில் சோதனை நிரலை ஓட்டி, அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான். தொடாத கன்சோல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த வாதங்களுக்கே ஒரு அடிப்படை இருக்கும். கால் வெட்டி, சிப் மாற்றி, கனெக்டர் மாற்றிய பெட்டியில் ஆடலாம், அளக்க முடியாது. நான் ஒவ்வொரு படியிலும் பின்வாங்கக்கூடிய வழியைத் தேடியதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த பெட்டிக்கு வரிசையை மாற்றப்போகிறேன். முதலில் மல்டிமீட்டர், கார்ட்ரிட்ஜ் போர்டிலிருந்து கன்சோல் போர்டு வரை எல்லாப் பின்னும் ஒரு தாளில் குறித்துவிட வேண்டும். பிறகு போர்டின் விளிம்பு, அப்புறம்தான் கனெக்டரைக் கொதிக்கவைப்பது. விளிம்பை முதலிலேயே துடைத்திருந்தால் புதுக் கனெக்டருக்குச் செலவே வந்திருக்காது, கீறல் விழுந்த கார்ட்ரிட்ஜும் தப்பியிருக்கும். காய்ச்சி வடித்த நீரும் ஆல்கஹாலும்தான் உண்மையில் தேவைப்பட்ட செலவு. செய்த வேலைகள், தேதி, 5 வோல்ட் அளவு, தொடாமல் விட்ட நான்காம் பின், மாற்றாத கெபாசிட்டர் எல்லாவற்றையும் எழுதி மேல்மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இதை அடுத்துத் திறப்பவர் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று ஊகிக்க வேண்டியிருக்காது.